கர்க்கூப்ரியின் வெளிச்சமும் கிரீன்கேட் சந்தும்

கர்க்கூப்ரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: வெளிச்சம். ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இந்தத் துறைமுக ஊருக்கு நூறாண்டுக்கும் மேலாக ஓவியர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களே, அது ஏன் என்று கேட்டேன். தேநீர்க்கடையில் இருந்த அம்மா வெளிச்சம் என்றார். காட்சிக்கூடத்தில் இருந்தவரும் அதையேதான் சொன்னார். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் வாயே திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டியதோடு சரி. பொய்யான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரைச் சுற்றச் சுற்ற அது எனக்குப் போதாமல் போயிற்று. வீடு திரும்பிய பிறகும் மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெளிச்சம் அங்கே தனிதான், அதில் சந்தேகமில்லை. டீ ஆறு சால்வே கடற்கழியை நோக்கி விரியும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வாவு நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஆறு மீட்டருக்கு மேல் மாறும். வற்றத்தில் ஆறு ஒரு கால்வாய் அளவுக்குச் சுருங்கி, இரு பக்கமும் வழவழப்பான சேறு ஈரத்தோடு பளபளக்கும். சில மணி நேரம் கழித்துப் போனால் அதே இடத்தில் கரை முட்டத் தண்ணீர். சேறானாலும் நீரானாலும் வானத்து ஒளியை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால், வீட்டுச் சுவர்களுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வெளிச்சம் கிடைக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். சாயங்கால மஞ்சள் மணிக்கணக்கில் சுவரை விட்டு இறங்காது. ஓவியம் வரைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பது எனக்கும் புரிகிறது.

ஆனால் இதே வெளிச்சம் பக்கத்து ஊர்களான கேட்ஹவுஸுக்கும் க்ரீடவுனுக்கும் விக்டவுனுக்கும் கிடைக்கிறதே? அவற்றில் எதற்கும் ஓவியர் ஊர் என்ற பெயர் வரவில்லை. விக்டவுன் புத்தகக் கடைகளால் பெயர் பெற்றது, அதுவும் 1990களின் கடைசியில்தான். இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. கிழக்குக் கரையில் கோபர்ன்ஸ்பாத் என்று ஒரு கிராமம். 1880களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் கத்ரி, ஈ. ஏ. வால்டன், ஜோசப் கிராஹால் என்று அந்தக் காலத்தின் துடிப்பான இளம் ஓவியர்கள் அங்கே கூடினார்கள். கத்ரி குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி வரைந்தார். ஸ்காட்லாந்து ஓவியத்தின் போக்கையே மாற்றிய சில படங்கள் அந்தக் கிராமத்து வயல்களில் பிறந்தவை. ஆனால் சில வருடங்களில் கூட்டம் கலைந்துவிட்டது. வெளிச்சம் அப்படியே இருந்தது, வரைந்தவர்கள் போய்விட்டார்கள். கர்க்கூப்ரியில் மட்டும் ஒரு தலைமுறை போனால் அடுத்த தலைமுறை வந்து உட்கார்ந்தது. வந்ததற்கு வெளிச்சம் காரணமாக இருக்கலாம். தங்கியதற்கு என்ன காரணம் என்பதுதான் என் கேள்வி.

அக்காவோடு போனேன். பெரியம்மா மகள், வெகுகாலமாக கிளாஸ்கோவில் குடியிருப்பவள். நீர்வண்ணத்தில் வரைவாள். நன்றாகவே வரைவாள், இதை உறவுக்காகச் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அவளுக்குப் படம் வரையும் இடம். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மேசையைத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு தாளை விரிப்பாள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிடுவாள். பாதியில் நிற்கும் படத்தை மறுநாள் பகல் வெளிச்சத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

கிளாஸ்கோவிலிருந்து டம்ஃப்ரீஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. கர்க்கூப்ரிக்கு 1864-இல் வந்த ரயில் பாதையை 1965-இல் மூடிவிட்டார்கள். ஊர் இன்னும் கைக்கு அடக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

துறைமுகத்தில்

பேருந்து துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. முதலில் கண்ணில் படுவது மீன்பிடிப் படகுகள். அலங்காரத்துக்கு நிறுத்தியவை அல்ல, வேலை செய்கிற படகுகள். இங்கே பிடிப்பது பெரும்பாலும் ஸ்கேலப் என்ற விசிறி வடிவச் சிப்பி. படகின் இரு பக்கமும் இரும்புப் பல் வரிசையும் சங்கிலி வலைப்பையும் கொண்ட வாரிகள் தொங்கும். அவற்றைக் கடலடியில் இழுத்துப் போய், மணலில் புதைந்து கிடக்கும் சிப்பிகளைக் கிளறி எடுக்கிறார்கள். வாரிகள் துருவேறி, கடலடிக் கல் உரசிய இடங்கள் மட்டும் வெள்ளியாக மின்னுகின்றன. கரையில் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணும் குழந்தையும் நீரைப் பார்த்து இருக்கிறார்கள். கடலில் உயிர் விட்டவர்களுக்கான நினைவுச்சின்னம். அக்கா அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். நான் படகில் வலை வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓவியர்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அவங்க எல்லாம் மேல தெருவுல" என்று தலையாலேயே ஹை ஸ்ட்ரீட் பக்கம் காட்டினான்.

மேல தெரு என்று அவன் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. துறைமுகத்துக்கும் அந்தத் தெருவுக்கும் நாலு எட்டுதான் தூரம். ஆனால் சுற்றுலாப் புத்தகங்கள் அவற்றை இரண்டு ஊர்களாகவே எழுதுகின்றன: ஒரு பக்கம் மீனவர் ஊர், இன்னொரு பக்கம் ஓவியர் ஊர். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தெருவை உண்டாக்கியதே துறைமுகம். 1455-இல் அரச நகரம் என்ற உரிமை பெற்ற ஊர் இது. வெளிநாட்டு வணிகம் செய்யும் அதிகாரம் அதோடு வந்தது. வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பும் பின்னால் நெடுக ஓடும் நிலமுமாக மனைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். தெருவில் இடம் தீர்ந்ததும் அந்த நீள மனைகளின் பின்புறத்தில் பட்டறை, கிடங்கு, குடிசை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள். முன்வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி விட்டார்கள். இந்தச் சந்துகளுக்கு ஸ்காட்லாந்தில் க்ளோஸ் என்று பெயர். பிறகு கப்பல்கள் பெரிதாயின, ரயில் வந்தது, சரக்கு வேறு துறைமுகங்களுக்குப் போயிற்று. பின்புறத்து வீடுகள் நின்றன. பெரிய செலவில்லாமல் யாராவது குடியேறக்கூடிய சின்னச் சின்ன வீடுகள்.

ஊரின் மற்ற அடையாளங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்களும் சீக்கிரம்தான் பார்த்தோம். துறைமுகத்தைப் பார்த்தபடி கூரையிழந்து நிற்கும் மக்லெல்லன் கோட்டை, 1570களின் கடைசியில் கட்டத் தொடங்கியது. அதன் பெரிய கூடத்தில் கணப்புக்குப் பின்னால் ஆள் ஒளிந்து ஒட்டுக்கேட்க ஓர் அறை உண்டு. அடுத்து டோல்பூத், 17ஆம் நூற்றாண்டின் சிறையும் ஊர் மன்றமுமாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜான் பால் ஜோன்ஸ் 1770-இல் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். 1698-இல் சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட எல்ஸ்பெத் மக்யூவனும் இங்கேதான் கிடந்தாள். இன்று அது கலை மையம். கீழே நூற்றாண்டுகளின் அழுகை, மேலே ஓவியக் கண்காட்சி. அங்கே எனக்கு நிற்க முடியவில்லை, அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஹார்னெலின் மாளிகை

ஹை ஸ்ட்ரீட் 'ட' போல மடங்கும் தெரு. வீடுகளுக்கு இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், மோர் நிறம் என்று வண்ணம் அடித்திருக்கிறார்கள். அதில் பெரிய வீடு ப்ராட்டன் ஹவுஸ், ஈ. ஏ. ஹார்னெல் 1901-இல் வாங்கியது. ஓவியர் ஊர் என்றதும் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ஹார்னெல். 1864-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரின் ஊரான கர்க்கூப்ரிக்கு வந்து வளர்ந்தவர். எடின்பரோவிலும் ஆண்ட்வெர்ப்பிலும் படித்துவிட்டு 1885-இல் ஊர் திரும்பினார். ஜார்ஜ் ஹென்றி என்ற ஓவிய நண்பரோடு சேர்ந்து 1890-இல் வரைந்த, ட்ரூயிட் என்ற பழங்காலப் பூசாரிகளின் ஊர்வலம், தங்கத் தகடு பதித்து, முன்னும் பின்னும் என்ற தூரமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அடுக்கி வைத்த படம். கிளாஸ்கோவின் கெல்வின்க்ரோவ் அருங்காட்சியகத்தில் அதன் முன் நிற்கும்போது, 130 ஆண்டுகளுக்கு முந்தைய துணிச்சல் இன்னும் முகத்தில் அறைகிறது. 1893-இல் அந்த இருவரும் ஜப்பானுக்குப் போனார்கள். கலை வணிகர் அலெக்சாண்டர் ரீடும் கப்பல் முதலாளி வில்லியம் பரெலும் பணம் கொடுத்தார்கள். திரும்பி வந்து 1895-இல் கிளாஸ்கோவில் வைத்த ஜப்பான் படங்கள் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பணம்தான் பின்னாளில் மாளிகையாயிற்று.

வீடு அழகு. ஹார்னெல் சேர்த்துக் கட்டிய கூடமும் ஓவிய அறையும், ஆற்றை நோக்கி இறங்கும் தோட்டமும், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பற்றி அவர் பித்துப்பிடித்தாற்போல் சேர்த்த நூல்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஊருக்கென்றே எழுதிவைத்துவிட்டு 1933-இல் இறந்தார். 1901-இல் ஸ்காட்லாந்தின் பெரிய கலை அமைப்பான ராயல் ஸ்காட்டிஷ் அகாதமி கூப்பிட்டுக் கொடுத்த இடத்தை வேண்டாம் என்று சொன்ன மனிதர். மதிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அவருடைய பிற்காலப் படங்களின் முன் எனக்கு மனம் ஒட்டவில்லை. பூக்களுக்கு நடுவே சிறுமிகள், மறுபடி பூக்களுக்கு நடுவே சிறுமிகள். முகமும் கைகளும் மட்டும் வழுவழுப்பாகத் துலங்க, மற்றதெல்லாம் தடித்த வண்ணப் பூச்சில் கரைந்திருக்கும். புகைப்படங்களை வைத்துக்கொண்டுதான் இவற்றை வரைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் அந்த வீட்டின் சேகரிப்பில் இருக்கின்றன.

அவற்றில் இலங்கையும் உண்டு. 1907-இல் ஹார்னெல் இலங்கைக்குப் போய்வந்தார். அந்தப் பயணத்திலிருந்தும் படங்கள் பிறந்தன. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குள் ஒரு பரபரப்பு எழுந்தது. 1907 என்றால் மலையகம் முழுக்கத் தேயிலை. அதைப் பறித்துக்கொண்டிருந்தவை தமிழ்ப் பெண்களின் கைகள். அந்தப் பெண்களின் பெயர்த்திகளும் கொள்ளுப்பெயர்த்திகளும் இன்று இதைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் ஹார்னெலின் தூரிகையில் ஜப்பான் பெண்ணும் இலங்கைப் பெண்ணும் கர்க்கூப்ரி பள்ளிச் சிறுமியும் ஒரே மாதிரி தலை சாய்த்து, ஒரே மாதிரி விரல் மடக்கி நிற்கிறார்கள். எந்த ஊர்ப் பெண்ணானாலும் அவர் கண்ணுக்கு அவள் ஒரு பூ. அக்கா ஒரு படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டுச் சொன்னாள்: "கையெல்லாம் எவ்வளவு நல்லா போட்டிருக்காருடா. ஆனா ஒரு கை கூட வேலை செஞ்ச கையா தெரியல." அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஹார்னெல் இந்த ஊரில் தனியாள் இல்லை. அவருடைய சகோதரியை மணந்த வில்லியம் மௌன்சி, வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவராக இருந்து நிலக்காட்சி ஓவியரானவர். பக்கத்து வீட்டில் சார்ல்ஸ் ஓப்பன்ஹைமர், மான்செஸ்டர்க்காரர், 1908-இல் வந்து ஊரையும் ஆற்றையும் பனியையும் வரைந்து தள்ளினார். ஆகவே ஹார்னெல் ஊரில் இருந்தது மற்றவர்களை இழுத்திருக்கும்தான். பெரிய மரத்தின் கீழ் கூட்டம் சேர்வது இயல்பு. மரம் சாய்ந்த பிறகும் கூட்டம் நின்றதே, அதற்கு விடை அந்த மாளிகையில் இல்லை.

சந்துக்குள்

அதே தெருவில் சற்றுத் தள்ளி கிரீன்கேட். பெயருக்கேற்ற பச்சைக் கதவு. ஜெஸ்ஸி எம். கிங் 1908-இல் வாங்கிய வீடு. கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படித்து அங்கேயே பாடமும் நடத்தியவர். நூலட்டை அலங்காரத்திலும் கோட்டுச் சித்திரத்திலும் ஐரோப்பா அறிந்த பெயர். ஊசி முனையால் இழுத்தாற்போல் நுண்ணிய கோடுகள், புள்ளி புள்ளியாக விண்மீன்களும் பறவைகளும். கணவர் ஈ. ஏ. டெய்லர் மரச்சாமான்களும் வண்ணக் கண்ணாடிகளும் வடிவமைத்தவர், பின்னாளில் நிலக்காட்சி ஓவியர். வீட்டை வாங்கியதும் அவர்கள் வந்து குடியேறவில்லை. பாரிஸில் சில ஆண்டுகள் ஓவியப் பயிலகம் நடத்தினார்கள். போர் வந்தது, 1915-இல் கர்க்கூப்ரிக்கு வந்துவிட்டார்கள். அதன்பின் 1949-இல் இறக்கும் வரை ஜெஸ்ஸிக்கு இதுதான் ஊர். அகன்ற விளிம்புத் தொப்பியும் வார்ப்பூட்டுக் காலணியுமாக அவர் தெருவில் நடந்து போகும் தோற்றம் ஊருக்கே பழக்கமானது.

பக்கவாட்டு வழியில் நுழைந்தோம். அதுதான் கிரீன்கேட் க்ளோஸ். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும் இடங்கள் உண்டு. உள்ளே போகப் போகக் கொஞ்சம் விரிகிறது: சுண்ணாம்பு பூசிய சின்ன வீடுகள், ஜன்னலோரத் தொட்டிச் செடிகள், கல் பாவிய தரை. பார்ப்பதற்கு அவ்வளவுதான், படமெடுத்துப் போட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அக்கா சுவரைப் பார்க்கவில்லை, செடியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் வாசலாகப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு திரும்பி என்னிடம் சொன்னாள்: "தம்பி, கவனிச்சியா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கதவு. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கலாம்."

எனக்கு அந்த ஊர் பிடிபட்ட கணம் அது. ஜெஸ்ஸி அந்தச் சந்தின் வீடுகளை மற்ற ஓவியர்களுக்கு, முக்கியமாகப் பெண் ஓவியர்களுக்கு, வாடகைக்கு விட்டார். கோடை முழுக்க வந்து தங்குபவர்கள், வந்தபின் போக மனமில்லாமல் ஊரிலேயே நிலைத்துவிட்டவர்கள் என்று இரண்டு வகையும் இருந்தார்கள். டோரதி நெஸ்பிட் இருந்தார். அன்னா ஹாட்ச்கிஸ் இருந்தார். 1920களில் சீனாவுக்குப் போய் பெய்ஜிங்கின் யென்சிங் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்து, மேரி மல்லிகின் என்ற அமெரிக்க ஓவியரோடு யுன்காங் பௌத்தக் குகைகளையும் சீனத்தின் புனித மலைகளையும் வரைந்து திரிந்தவர் அன்னா. அத்தனை உலகம் சுற்றியவருக்கு வந்து சேர ஓர் ஊர் இருந்தது, அதில் வண்ணம் தெறித்தால் யாரும் கேட்காத ஓர் அறை இருந்தது. தொண்ணூற்றெட்டு வயதைத் தாண்டி வாழ்ந்து 1984-இல்தான் போனார். ஹார்னெல் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகு!

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது கிளாஸ்கோவின் கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 1867-இல் தொடங்கிய கிளாஸ்கோ ஓவியர் மன்றம் நூறாண்டுக்கும் மேலாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. படத்தைப் பார்த்துப் பேச, வாங்குகிறவரைச் சந்திக்க, வேலை கேள்விப்பட, கைமாற்றுக் கேட்க என்று ஓவியருக்கு வேண்டிய எல்லாம் நடக்கிற இடம் அது. கதவு சாத்தியிருந்ததால் பெண்கள் 1882-இல் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் முதலில் தேடியது என்ன தெரியுமா? ஒரு வீடு. 1893-இல் ப்ளைத்ஸ்வுட் சதுக்கத்தில் வாங்கியும் விட்டார்கள். அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: திறமை அவர்களிடம் இருந்தது, பயிற்சி கலைப்பள்ளியில் கிடைத்தது, இல்லாதது இடம் மட்டும். அந்தச் சூழலில் வளர்ந்த ஜெஸ்ஸி, தன் கையில் பணம் வந்ததும் ஒரு மாளிகை வாங்காமல் சந்து வீடுகளை வாங்கினார் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் செய்த வேலையிலும் இதே குணம் இருந்தது. ஜாவாவின் பாத்திக் துணிக் கலையை பாரிஸில் கற்றுக்கொண்டு வந்து இங்கே பரப்பினார். உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் போட்டு, சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் மட்டும் நிறம் பிடிக்காது. மெழுகை நீக்கி, மறுபடி வேறிடத்தில் மெழுகிட்டு, அடுத்த சாயத்தில் முக்குவது. அதை எப்படிச் செய்வது என்று ஒரு தேவதைக் கதை போலவே சித்திரங்களோடு ஒரு சிறு நூல் எழுதி 1924-இல் வெளியிட்டார். தொழில் ரகசியத்தைப் பொத்தி வைக்கிற காலம் அது. அவரோ சமையல் குறிப்பு கொடுப்பது மாதிரி கொடுத்துவிட்டார். 'வண்ணக்காரர்கள்' என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்து ஓவியர்களில் பெரியவரான சாமுவேல் பெப்ளோ இந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்ததும் இந்த வீட்டாரின் நட்பால்தான். பாரிஸ் நாட்களின் பழக்கம் அது. அவர் வரைந்த கர்க்கூப்ரியில் கூரைகள் மேல் வெயில் துண்டு துண்டாக வெட்டி வைத்தாற்போல் விழுந்திருக்கும். வெளிச்சம் அங்கே வருகிறதுதான். ஆனால் அவரைக் கூப்பிட்டது வெளிச்சம் இல்லையே, ஒரு கடிதமும் ஒரு படுக்கையும் அல்லவா?

பின்னாளில் ஃபிலிஸ் போனும் இந்த ஊருக்கே வந்து சேர்ந்தார். எடின்பரோ கோட்டையில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசியப் போர் நினைவகத்தில், போரில் உழைத்த விலங்குகளைச் செதுக்கிய சிற்பி அவர். ராயல் ஸ்காட்டிஷ் அகாதமி 1944-இல் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்ட முதல் பெண்மணி. எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஏற்கெனவே பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த ஊருக்கு வந்தார்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபின் எனக்கு ஒரு கோபம்கூட வந்தது. ஊரின் வரலாற்றுப் பலகைகளில் ஹார்னெலின் மாளிகை நடுவில் நிற்கிறது, சந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. பெரிய வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்க்க முடிகிறது, அதனால் அது வரலாறாகிவிட்டது. ஒருத்தி வாடகையைக் குறைவாக வைத்தாள், குளிர்காலத்தில் தோழியின் வீட்டில் கணப்பு எரிகிறதா என்று பார்த்தாள் என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வழியில்லை. வெளிச்சம் என்ற பதில் எல்லாருக்கும் பிடித்திருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளிச்சத்துக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். அது தானாக வந்தது என்றால் ஓவியர்களும் தானாக வந்தார்கள் என்று ஆகிவிடும். பழைய நகர மண்டபத்தைப் புதுப்பித்து 2018-இல் திறந்த கர்க்கூப்ரி காலரீஸ் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. அங்கே ஜெஸ்ஸிக்கும் அவருடைய தோழிகளுக்கும் சுவரில் உரிய இடம் இருக்கிறது. அக்கா அங்கிருந்து கிளம்பவே மறுத்தாள்.

இன்றைய வாடகை

சாயங்காலம் பேருந்துக்கு நேரம் இருந்தது. ஹை ஸ்ட்ரீட்டிலேயே கேனன்வால்ஸ் என்ற கட்டடம். வாஸ்ப்ஸ் என்ற தொண்டமைப்பு நடத்துவது; 1977 முதல் ஸ்காட்லாந்து முழுக்கப் பழைய கட்டடங்களை எடுத்து, அறை அறையாகப் பிரித்து, ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கட்டுப்படியாகும் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு பெண் அச்சு ஓவியர் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று அக்கா கேட்டாள். அடுத்த அரை மணி நேரம் எனக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு பேரும் மை எது, தாளை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, அச்சு இயந்திரத்தை எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் என் கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவரும் வெளிச்சம் என்றுதான் தொடங்கினார். பிறகு சிரித்துவிட்டு, "உண்மையைச் சொல்லவா? இங்கே ஒரு பெரிய தொட்டி இருக்கிறது, வெந்நீர் வருகிறது, என் பொருள்களை இரவில் அப்படியே விட்டுப் போகலாம்" என்றார். அக்கா தொட்டியைப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ராட்டன் ஹவுஸ் குளிர்காலத்தில் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு போங்கள். கிரீன்கேட் சந்தில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

அக்கா கிளாஸ்கோ திரும்பிய வாரமே அதே வாஸ்ப்ஸ் அமைப்பின் பிரிகெய்ட் கட்டடத்தில் ஓர் அறைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். முன்பு அது நகரத்தின் மீன் சந்தையாக இருந்த இடம். காலியானால் சொல்வார்களாம். அதுவரைக்கும் வீட்டின் பின்னறையிலிருந்த பழைய கட்டிலை அத்தான் பிரித்துக் கொடுத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, அங்கே ஒரு மேசை போட்டாயிற்று, ஜன்னல் வடக்குப் பக்கம், கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் வாங்க வேண்டும் என்றாள்.